கோயாவின் முகமும் திறவாத சிப்பியும்

1799இல் கோயா வெளியிட்ட ‘கப்ரிச்சோஸ்’ தொகுதியின் 80 செதுக்கோவியங்களுள் முதலாவது அவரது உருவமே. உயர்ந்த தொப்பி, பக்கவாட்டு முகம், கடைக்கண் பார்வை, இறங்கிய உதடு. தூரிகையும் வண்ணத்தட்டும் இல்லை. பெயரின் கீழ் ‘ஓவியர்’ என்ற சொல் மட்டுமே உண்டு.

இதனைச் செருக்கெனக் கொள்வது எளிது, ஆயினும் பொருந்தாது. மேசைமீது முகம் புதைத்து உறங்கும் கலைஞனையே கோயா முதலில் முகப்போவியமாக எண்ணியிருந்தார். அது பின்னர் 43ஆவதாயிற்று. உறங்கியவனுக்கு மாறாக, உலகின் மடமையை விழித்து நோக்குபவன் முகப்பில் நிற்கிறான்.

சிலாவத்துறை முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலமிட்டனர். முத்தின் இருப்பு பின்னரே தெரிந்தது. இம்முகமும் அத்தகையதே. ஏனைய 79 ஓவியங்களையும் கண்டு மீள்வோருக்கே அதன் ஏளனத்துள் உறையும் துயர் புலனாகும்.