அஞ்சுவண்ணமும் ஜூதக்குளமும்

ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து எழுதும் ஆர்வம் நம்மவரிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அவ்வாறு எழுதப்படும் கட்டுரைகளுட் பல, ஓசை ஒப்புமை ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு நடக்கின்றன. பெயரில் அரபுச் சொல்லின் சாயல் தென்பட்டால் அவ்வூர் நம்முடையது, தென்படாவிட்டால் பிறருடையது! இம்முறை எத்துணைப் பிழைபட்டது என்பதைக் காட்ட, யூதர்தம் சுவடு படிந்த சில பெயர்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள மாடாயி, பழம்பள்ளியால் பெயர்பெற்ற ஊர். ஹிஜ்ரி 518, அதாவது கி.பி. 1124 என்னும் காலக்குறிப்புடைய கல்வெட்டு அப்பள்ளிக்குரியது. அதே ஊரின் செம்புரைப் பாறை மேட்டில் ஒரு குளம் இருக்கிறது. அதற்கு ஜூதக்குளம் என்று பெயர். சாவக்காட்டை அடுத்த பாலயூரில் ஜூதக்குன்று என்றொரு மேடு. குடிகள் போய்விட்டனர், பெயர்கள் நிற்கின்றன.

இப்பெயர்களைக் கண்டவுடன், 'யூதர் வெட்டிய குளம், யூதர் வாழ்ந்த குன்று' என்று முடிவு கட்டிவிடுவோர் உளர். சற்றே நிதானிக்க வேண்டும். எந்த யூதரும் தம் குளத்தை 'யூதர் குளம்' என்று அழைத்திருக்க மாட்டார். நாம் நம் வீட்டை 'முஸ்லிம் வீடு' என்றா சொல்லிக்கொள்கிறோம்? அது அயலார் இட்ட பெயர். ஆகவே, அக்குளத்தை யார் வெட்டினார் என்பதற்கு அப்பெயர் சான்றாகாது. அதனை யாரோடு சேர்த்து அயலார் எண்ணினர் என்பதற்கே சான்றாகும். இது சிறிய சான்றன்று. உரியவர் அகன்ற பின்னும் அப்பெயரைக் காத்து வந்தவர்கள் அண்டை வீட்டாராகிய முஸ்லிம்களும் இந்துக்களுமே. மலையாள நாட்டு வழக்கில் நம்மவர் ஜோனக மாப்பிள்ளை. கிறிஸ்தவர் நஸ்ராணி மாப்பிள்ளை. யூதர் ஜூத மாப்பிள்ளை. மூவருக்கும் மதிப்புச் சொல் ஒன்றே, அடைமொழிதான் வேறு.

அரபுச் சாயலை நம்பி நடப்போர்க்கு மற்றொரு செய்தி. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூதரின் கடிதங்கள், கெய்ரோ நகரத்து யூதத் தொழுகைக் கூடமொன்றின் பழந்தாள் குவியலிலிருந்து கிடைத்துள்ளன. எழுத்து எபிரேயம், மொழி பெரும்பாலும் அரபு. இத்தகையோர் நடமாடிய கடற்கரையில், அரபு ஒலிக்கும் பெயரெல்லாம் நமக்கே உரியது என்று எங்ஙனம் கூறுவது?

இனி, நம் சொந்தத் தெருவுக்கு வருவோம். தக்கலையில் பீர்முகம்மது அப்பா அவர்களின் பெயரோடு இணைந்து வழங்கும் அஞ்சுவண்ணம் என்னும் சொல்லை அறியாத வாசகர் இரார். தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலொன்றுக்கு 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயரிட்டார். ஐந்து நிறம், ஐந்து குலம் என்றெல்லாம் இதற்குப் பொருள் சொல்வதுண்டு. இவையும் ஓசையை நம்பிய விளக்கங்களே. கூட்டம், சபை எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு இது என்பதே அறிஞர் பலரின் கருத்து. நமக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் ஒரு வணிகக் குழுவாக வருகிறது. அச்செப்பேட்டுச் சாட்சிகளுள் கூஃபி அரபு எழுத்தில் ஒப்பமிட்டோரும் உளர். பஹ்லவியில் இட்டோரும் உளர். எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதியோரும் உளர். ஏறத்தாழ கி.பி. 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதருக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையை வழங்கினான். இதை வைத்தே 19ஆம் நூற்றாண்டில் குண்டர்ட் போன்றோர், அஞ்சுவண்ணத்தார் யூதரே எனத் துணிந்தனர். அவர்கள் தமிழ்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. களவியற்காரிகை உரையில் சில பாடல்களாக மட்டுமே எஞ்சி நிற்கும் பல்சந்தமாலை, அஞ்சுவண்ணத்தாரை அல்லாஹ்வைத் தொழுவோராகவே காட்டுகிறது.

இதனைக் கண்டு நம்மவர் சிலர் மறுகோடிக்கு ஓடுகின்றனர். அஞ்சுவண்ணத்தில் யூதருக்குப் பங்கே இல்லை என வாதிடுகின்றனர். இக்காலத்து அரசியல் தந்த மனக்கசப்பை நாம் அறியாமல் இல்லை. அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் 849ஆம் ஆண்டின் செப்பேட்டை அக்கசப்பைக் கொண்டு படிக்கலாமா? மேற்காசியாவிலிருந்து கடல்வழி வந்த பல சமயத்தாரும் ஒரு சபையாய்க் கூடினர். பின்னர் மலையாளக் கரையில் அப்பெயர் யூதரோடு ஒட்டிக்கொண்டது, தமிழ்க் கரையில் நம்மோடு ஒட்டிக்கொண்டது. நம் தெருப்பெயரில் அயலார் ஒருவரின் கால்தடமும் இருப்பதனால் அத்தெரு நமதாகாது போய்விடுமா?

1948க்குப் பின் கேரளத்து யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். மாளை ஊர் யூதர் தம் தொழுகைக் கூடத்தை 1955இல் ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். கட்டடத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். குளத்தின் பெயரை அவ்வாறு கொடுக்க இயலாது. நம் கடற்கரை ஊர்களின் பழைய நிலப் பத்திரங்களில், நான்கெல்லை குறிக்கும் இடத்தில், இன்று வழக்கொழிந்த குளம், மேடு, தோப்புகளின் பெயர்கள் உள்ளன. தத்தம் வீட்டுப் பெட்டியில் இத்தகைய பத்திரம் வைத்திருக்கும் வாசகர்கள், அப்பெயர்களை எழுத்து மாறாமல், விளக்கம் எதுவும் சேர்க்காமல், நமக்கு எழுதியனுப்பக் கோருகிறோம்.