அவிழ்க்கத் தெரிந்த கட்டு: பாய்மரக் கப்பல் மாதிரிகளும் கரிசல் கைகளும்

தூத்துக்குடித் தோணித்துறையிலிருந்து பார்த்தால் கரிசல் காடு என்பது பருத்திப் பொதி வரும் திசை. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடத் தொடங்கியபின் கோவில்பட்டி வழியாகப் பொதிகள் கடற்கரைக்கு இறங்கின. அந்நாளில் துறையில் ஆழம் போதாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பொதிகளைக் கொண்டுபோய் ஏற்றியவை தோணிகள்தான். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி.யும் ஒட்டப்பிடாரத்துக் கரிசல்காரர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாய்மரக் கப்பல் மாதிரி செய்ய உட்கார்ந்தால் அதை இரவல் ஆசை என்று நான் எண்ணுவதில்லை. அவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பசை நல்லது?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லுமுன், எந்த மரபில் நின்று செய்கிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

நம் கரையிலேயே மூன்று மரபுகள் இருக்கின்றன. கட்டுமரத்தில் ஆணியே கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள், கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்துவார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு தைத்த படகு. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நார் திணிப்பார்கள். உள்ளே விலா எலும்பு போல் தாங்கும் வங்கு இல்லாததால் அலை மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். தையல் தளர்ந்தால் பிரித்துத் தைக்கலாம். மூன்றாவது, தூத்துக்குடித் தோணி. அது பலகையை வங்கோடு சேர்த்து ஆணியடித்து, இடுக்குகளில் பஞ்சு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து பார்த்தது. அந்தக் கலப்பத்தும் அவ்வப்போது பெயர்த்தெடுத்துப் புதிதாக அடைப்பதுதான். இந்த மூன்றிலும் பழுது பார்க்க வருகிறவனுக்கு வழி விட்டே கலம் கட்டினார்கள்.

ஐரோப்பாவின் பழைய மாதிரிகளும் இதே ஒழுக்கத்தில் வந்தவை. ஆங்கிலேயக் கடற்படைக்காக 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் செய்த மாதிரிகளில் மர முளையும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரமும்தான் பிடிமானம். கிரீனிச்சில் அவை இன்றும் நிற்கின்றன. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி 1840-களில் வெளியிட்ட நூலில் நம் கரைக் கலங்களை அளந்து வரைந்திருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். தோணியோ கட்டுமரமோ செய்கிறவர்கள் இந்த இருவரையும் விட்டுவிட்டு, எங்கோ பார்த்த படத்தை வைத்து வேலையைத் தொடங்கக் கூடாது.

மொரீஷியசில் வேறொரு வழி. 1968-இல் ஜோசே ராமர் என்ற தச்சர் தொடங்கிவைத்த வேலை அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. உடலை ஒருவர் செய்வார். கயிறு கட்டுவது பெரும்பாலும் பெண்கள். பாய்த்துணியைத் தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றுவார்கள். விற்பனைக்குச் செய்வதுதான் என்றாலும் முடிச்சுகளைக் கையால் போடும் பழக்கம் அங்கே போகவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

இப்போது பரவியிருப்பது உடனடிப் பசை மரபு. ஃபெவிக்விக் வகைப் பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தில் நொடியில் இறுகும். பிடி கெட்டிதான், பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். அதன் ஆவி பட்ட இடத்தில் வெள்ளைப் பூஞ்சை போல் படியும். கறுத்த மரத்தில் அந்தக் கறை கண்ணை உறுத்தும். பருத்தி நூலில் அதைத் தாராளமாக விட்டால் சூடேறிப் புகைகூடக் கிளம்பும், விரல் சுடும். ஒரு சொட்டே விட்டாலும், பசை ஊறிய இடம் கம்பியாக விறைத்து, அது முடிகிற விளிம்பில் நூல் முறியும். பருத்தி விளைகிற ஊரில் இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மரத்துக்கு என் தேர்வு வச்சிரம்தான். தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. குச்சி மருந்தைக் குச்சியில் பிடித்துவைப்பதே அதுதான். முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். நம் வெயிலில் அது ஆறி உறைய நேரம் எடுப்பதால் பலகையை நகர்த்திச் சரிபார்க்க அவகாசம் உண்டு. வறண்ட காற்றில் நொறுங்கும், கரப்பான் அரிக்கும். அதனால்தான் கூடவே முளை. எஃகுத் தகட்டில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகத் துளையிட்டு, மூங்கில் சிம்பை ஒவ்வொரு துளையிலும் இழுத்தால் ஊசி போன்ற முளை கிடைக்கும். வச்சிரம் காய்ச்சப் பொறுமை இல்லாதவர்கள் சாதாரண ஃபெவிகால் எடுக்கலாம். வெந்நீரும் நிதானமும் இருந்தால் அதையும் பிரிக்க முடியும். தண்ணீர் புகாத 'மரைன்' வகையைக் கப்பலுக்கென்றே நினைத்து வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போகும் மாதிரிக்கு அது எதற்கு? அரால்டைட்டை உலோகத்தை மரத்தோடு சேர்க்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் வெடித்து மழையில் பூரிக்கும் கரிசலைப் போலத்தான் மரமும். குறுக்குவாட்டில் அது அசைந்துகொண்டே இருக்கும். அகலமான ஒற்றைப் பலகையை வளைத்து ஒட்டாமல், குறுகிய பட்டைகளாக வேய்ந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் அசைய இடம் கிடைக்கும்.

கயிறும் அசையும் பொருளே. முறுக்கிய பருத்தி ஈரம் கண்டால் தடித்து நீளத்தில் குறுகும். சித்திரையில் விறைப்பாக இழுத்துக் கட்டியது ஐப்பசி மழையில் பாய்மரத்தையே வளைக்கும். ஐப்பசியில் கட்டியது சித்திரையில் தொய்யும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குப் பாலியெஸ்டர் நூலும், பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலை ஏற்றி இறக்கும் ஆஞ்சானுக்கும் பாயின் மூலையை இழுக்கும் தாமானுக்கும் பருத்தியும் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த கருங்கண்ணி குட்டை இழைப் பருத்தி. அந்த நூலில் பிசிறு அதிகம். இரவெல்லாம் எடை கட்டித் தொங்கவிட்டு, தேன்மெழுகில் இழுத்து, லேசாகச் சூடு காட்டினால் பிசிறு படியும். மூன்று புரியை ஒரு பக்கமாக முறுக்கி மறுபக்கமாகச் சேர்த்தால்தான் அது கயிறு. தையல் நூலை அப்படியே கட்டினால் தையல் நூலாகவே தெரியும். ஐம்பதில் ஒரு பங்கு அளவு மாதிரியில் 50 மில்லிமீட்டர் கயிறு 1 மில்லிமீட்டராக வர வேண்டும். கண்காட்சிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாதி மாதிரிகள் இங்கேயே விழுந்துவிடுகின்றன. அடுத்தது, ஆஞ்சான், தாமான் போன்ற ஓடும் கயிற்றின் நுனி முடிச்சில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா என்பது. முடிச்சென்றால் பருவம் மாறும்போது தளர்த்தி இறுக்கலாம்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கப்பல். அதைச் செய்யப் பலருக்கும் ஆசை. குறுக்குப் பருமல்கள், ஏறிப்போகக் கயிற்றேணிகள் என்று அது கையை வாங்கும் வேலை. நூற்றுக்கணக்கில் முடிச்சு விழும். தூத்துக்குடித் தோணி அதற்கு முந்தின படி. ஜோ டி குரூசின் 'கொற்கை' நாவலைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் தோணித் தலைவனான தண்டலும் தோணிக்காரர்களும் எந்தக் கயிற்றை எதற்கு இழுத்தார்கள் என்பது மனசில் நிற்கும். வங்குக்கு வேறு மரம் தேட வேண்டாம், நம் நாட்டுக் கருவேலத்தின் வளைந்த கிளையே போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் கட்டுமரத்தில்தான் உட்காரவைப்பேன். லேசான மரத்தில் ஐந்து துண்டு சீவி, நடுத்துண்டைச் சற்றுத் தாழ்த்தி, முறுக்கிய தென்னை நாரால் இரு முனையிலும் கட்டட்டும். பசை டப்பா மேசைக்கே வரக் கூடாது. கட்டி முடித்ததும் தூக்கி ஆட்டிப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி கட்டட்டும். இரண்டாம் கட்டு முதலாவதைவிட இறுகி நின்றால் தோணிக்குப் பலகை அறுக்கத் தொடங்கலாம்.