படிமூலைக் கட்டை

அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் பட்டியல் போட்டு விற்று, பாகம் பாகமாக ரயிலில் அனுப்பிய சியர்ஸ் வீடுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆளாளுக்கு மக்னோலியா மாடலுக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு மாடி உயரத்துக்குத் தூண்கள், நடுவில் பால்கனி, பணிப்பெண்ணுக்குத் தனி அறை. 1918 பட்டியலில் அதன் விலை 5,140 டாலர். விற்றதே கொஞ்சம், நிற்பது அதைவிடக் கொஞ்சம் என்பதால் அதற்கு அத்தனை மவுசு. ஓஹையோவின் கேன்டன் நகரத்தில் இருக்கும் மக்னோலியாவைத் தெருவில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். கம்பீரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தான் சரக்கு ரயிலில் வந்ததை மறைக்கப் படாதபாடு படுகிற வீடு அது. எனக்குப் பிடித்தவை அந்த வெட்கமே இல்லாத வீடுகள். வலோனியா அந்த ரகம். முகப்பு முழுக்கத் தாழ்வாரம், அதன்மேல் சரிந்திறங்கும் கூரை, கூரை நடுவில் ஒரு பெரிய மாட ஜன்னல், அவ்வளவுதான். சின்சினாட்டியின் ஓரத்தில் நாங்கள் குடியிருப்பது ஒரு வலோனியாவில்.

முகப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இறவாரத்தைத் தாங்கும் ஐந்து துண்டுக் கட்டைகள் அசலா, பின்னால் வந்தவையா என்ற வழக்கும் வேண்டாம். மாடிப்படி திரும்பும் மூலையில், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன மரக்கட்டை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். சதுரமான கட்டை. கை வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செதுக்கல் கிடையாது, மெருகு கிடையாது. மேல் விளிம்பை மட்டும் லேசாக மழுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கிற அந்த ஒருவருக்கு நான் இரண்டாவது காபி தருகிறேன்.

அது செய்கிற வேலையைப் பாருங்கள். ஒரு சுவரில் படியோடு சாய்ந்து ஏறிவருகிறது ஸ்கர்ட்டிங் பலகை. மூலை திரும்பியதும் அடுத்த சுவரில் அதே பலகை தரையோடு மட்டமாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் இழைத்தவைதான். ஆனாலும் சாய்ந்து வருவதைச் செங்குத்தாக வெட்டியதும் அதன் வெட்டுமுகம் நீண்டுவிடும்; மேல்விளிம்பின் வளைவு அடுத்த பலகையின் வளைவோடு சேராது. கைதேர்ந்த தச்சராக இருந்தால் ஒரு சிறு துண்டைத் தனியாகச் செதுக்கி, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றை மற்றதில் கரைத்துவிடுவார். அதற்கு அரை நாள் பிடிக்கும். கை பழகாதவர் செய்தால் இடுக்கு விழும், இடுக்கில் மக்கு அடைப்பார், மக்கு வெடிக்கும், அப்புறம் அந்த வீட்டில் இருக்கும்வரை படியேறும்போதெல்லாம் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

சியர்ஸுக்கு மரச்சாமான் செய்த நோர்வுட் ஆலைக்காரர்கள் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்க்கவில்லை. அப்படியே தூக்கி எறிந்துவிட்டார்கள். மூலையில் ஒரு கட்டை. இரண்டு பலகையையும்விடச் சற்றுத் தடிமன், சற்று உயரம். இந்தப் பலகை இந்தப் பக்கம் வந்து முட்டட்டும், அந்தப் பலகை அந்தப் பக்கம் முட்டட்டும். ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். ஒரே பந்தியில் உட்கார வேண்டிய இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே ஒரு பெரியவரை உட்கார வைப்பது மாதிரி.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பாசடேனாவில் கிரீன் சகோதரர்கள் கட்டிய கேம்பிள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுவார்கள். அங்கே மாடிப்படியே ஒரு சிற்பம். பொருத்துகளை மறைக்காமல், இதோ பார் என்று காட்டியிருப்பார்கள். தடவிப் பார்த்தால் ஒரு விளிம்புகூடக் கூர்மையாக இருக்காது. மரவேலையில் அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அது எங்கள் ஊர்ப் பணம் என்பது இன்னொரு வேடிக்கை: சோப்பு விற்ற ப்ராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்தார் குளிர்காலத்துக்காகக் கட்டிக்கொண்ட வீடு. அதன் வரைபடம் போட்டதும், சியர்ஸின் முதல் வீட்டுப் பட்டியல் வந்ததும் ஒரே ஆண்டு, 1908. அங்கே உலகத்தரமான தச்சர்கள் கூலிக்கு இருந்தார்கள். இங்கே ஆணி அடித்தவர் அநேகமாக ஒரு ரயில்வே குமாஸ்தா. வேலை முடிந்து வந்து, மச்சானைக் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்வரை அடித்தவர். அந்த மனிதருடைய கை எந்த இடத்தில் தடுமாறும் என்று முகம் தெரியாத ஒருவர் ஆலையில் உட்கார்ந்து முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்துக்கு ஒரு கட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார். கேம்பிள் வீட்டில் நான் கண்டது திறமை. அதை மெச்சலாம். இந்தக் கட்டையில் இருப்பது மரியாதை.

கட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு, அது குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். இந்த ஊரில் கோடையில் புழுக்கம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். மரம் குறுக்குவாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சு விட்டு இழுக்கிறது. சாய்வெட்டாகச் சேர்த்த மூலைகள் எல்லாம் ஜனவரியில் வாயைத் திறக்கும். கட்டையில் முட்டி நிற்கும் பலகைகள் சுருங்கினாலும் தலைமயிர் அகலக் கோடுதான் தெரியும். கதவு நிலைகளுக்கு மேல்சட்டத்தைச் சாய்வெட்டு இல்லாமல் நேராகத் தூக்கி வைத்திருப்பதும் இதே கணக்கில்தான். கேட்லாக்கில் அதற்கு ஒரு வரி விளம்பரம்கூட இல்லை. விளம்பரமெல்லாம் நேரத்தைப் பற்றி. ரொடேசா மாடலில் இரண்டு வீடு கட்டிப் பார்த்தார்களாம்: ஆலையிலேயே அளவுக்கு அறுத்து வந்த மரத்தில் 352 மணி நேரத் தச்சு வேலை, பழைய வழக்கப்படி அங்கேயே அளந்து அறுத்தால் 583. கணக்கு சரியாகவே இருக்கட்டும். 231 மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள், மூலையில் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்பதுதான் என் குறை.

எங்கள் கட்டையின் மேல் பல தலைமுறைப் பெயின்ட் ஏறியிருந்தது. வெள்ளை, பாலேடு நிறம், ஒரு கொடுமையான பச்சை, மறுபடி வெள்ளை. 1978க்கு முந்திய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். அகச்சிவப்பு விளக்கைக் காட்டி, பெயின்ட் கொப்பளித்ததும் சுரண்டியை ஒரு தள்ளு தள்ளினால் அத்தனையும் ஒரே சுருளாக வந்துவிடும். முகமூடி கட்டாயம், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. அடியில் வந்தது மஞ்சள் பைன், தேன் நிறத்தில். ஷெல்லாக் மட்டும் பூசினேன். கதவுகளையெல்லாம் உரித்துவிட்டு ஸ்கர்ட்டிங்கை மட்டும் வெள்ளையில் விட்டுவிடுவது இப்போதைய பாணி. செய்கிறவர்கள் செய்யட்டும்.

என் மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை வந்தபோது, “மர வீடா? கரையான் தின்னுடாதா மாப்ளே?” என்று வாசலிலேயே தயங்கினார். கீழே நிலவறைக்கு அழைத்துப்போய்த் தரையைத் தாங்கும் உத்தரங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றின் முனைக்குப் பக்கத்திலும் மையில் குத்திய எழுத்தும் எண்ணும். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், குனிந்து வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ணப் பார்த்து விட்டுவிட்டார். அவ்வளவு நெருக்கம். “வைரம் பாய்ஞ்ச கட்டை மாப்ளே. இப்ப ஏது இது?” என்றார். தெற்கத்திக் காடுகளில் மெல்ல வளர்ந்து முதிர்ந்த பைன் அது. பிசின் இறுகிக் கல்லாகிவிட்டது. துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் மடங்கும். வெளிப்பலகைக்கு சைப்ரஸ். தண்ணீரில் ஊறி வளர்கிற மரத்துக்கு மழையைப் பற்றி என்ன கவலை.

இன்றைய மரத்தைக் கொண்டுவந்து இதற்குத் துணை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கு நாலு என்று விற்பது இப்போது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். எங்கள் சுவருக்குள் இருப்பது ஒன்றரைக்கும் கூடுதல், சரியாகச் சொன்னால் ஒன்றும் எட்டில் ஐந்தும். அகலம் மூன்றும் எட்டில் ஐந்தும். எட்டில் ஒரு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று அப்படியே பலகையை மூடினால், விளக்கைப் போட்டதும் சுவரில் பள்ளம் தெரியும். மெல்லிய ரீப்பர் ஒன்றை இழைத்து ஒட்டித்தான் சமன் செய்ய வேண்டும்.

கதவு, ஜன்னல், படி எல்லாம் நோர்வுட்டிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் வந்துவிடுகிற தூரம். சியர்ஸ் அந்த ஆலையை 1912இல் வாங்கியது. மரம் அறுத்தது இலினாயின் கெய்ரோவில். எங்களுக்கு நாலு தெரு தள்ளி இன்னொரு சியர்ஸ் வீட்டை இடித்தார்கள். வேறு மாடல். குப்பைத் தொட்டியின் மேல் ஒரு கதவு மல்லாந்து கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் பின்கட்டில் யாரோ எப்போதோ மாற்றிவிட்ட கதவுக்குப் பதிலாக நிறுத்தினால், இழைப்புளியைத் தொடவே தேவையில்லை. நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நாணய இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக. இரண்டு வீடுகள் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன என்பதற்கு எந்த எண்ணும் முத்திரையும் இதைவிடச் சாட்சி இல்லை.

ஆனால் இடிக்கிறவர்களைவிடப் புதுப்பிக்கிறவர்களைக் கண்டுதான் எனக்கு இப்போது பயம். வாங்கி, மூன்று மாதத்தில் முகம் மாற்றி, விற்றுவிட்டுப் போகிறவர்கள். முதலில் ஜன்னல்கள் போகும். கயிற்றில் எடை தொங்கி ஏறி இறங்கும் பழைய ஜன்னலில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? கயிறு அறும், மாற்றலாம். ஆளிவிதை எண்ணெய் மக்கு உதிரும், திரும்பப் பூசலாம். கண்ணாடியில் லேசான அலை தெரியும், அது ஒரு சுகம். இவற்றைப் பிடுங்கிவிட்டு வைக்கிற பிளாஸ்டிக் ஜன்னலில் கண்ணாடிகளுக்கு நடுவே ஒருநாள் ஈரம் புகுந்து மூடுபனி படியும். அதைப் பிரித்துப் பழுது பார்க்க ஆள் கிடையாது, முழுதாக எறிய வேண்டியதுதான். அடுத்து, கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருக்கும் சுவர். அதை உடைத்தால்தான் வீடு விலைபோகுமாம். கடைசியில் ஸ்கர்ட்டிங்கையும் பெயர்த்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை ஒட்டுகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் படிமூலையைப் போய்ப் பார்த்தேன். கட்டை இல்லை. சுடுநீர்க் குழாய் தடிமனுக்கு வெள்ளைப் பசையைப் பிதுக்கி மூலையை நிரப்பியிருந்தார்கள். விளம்பரத்தில் மட்டும் ‘அசல் சியர்ஸ் வீடு’ என்று கொட்டை எழுத்து. பார்த்தால் அது சியர்ஸ் வீடே இல்லை. பழைய பங்களா எல்லாமே தரகர்களுக்கு சியர்ஸ்தான்.

தரகர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 1940இல் வீட்டு வியாபாரத்தை மூட்டைகட்டிய பிறகு அந்த விற்பனை ஏடுகளை சியர்ஸ் வைத்திருக்கவில்லை. எழுபதாயிரத்துக்கு மேல் விற்றிருக்கலாம் என்பதே மதிப்பீடுதான். அதனால் சியர்ஸ் வீடு தேடும் நம் ஆட்கள் நீதிமன்றத்து அடமானப் பத்திரங்களைப் புரட்டி, ஜன்னல் சட்டத்தின் முதுகில் ஒட்டிய ரயில்வே சீட்டைத் தேடி, ஒவ்வொரு வீடாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதில் மிச்சிகனின் பே சிட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னைச் சீண்டாத நாள் இல்லை. அவர் குடியிருப்பது போட்டிக் கம்பெனியான அலாதின் விற்ற வீட்டில். “எங்க கம்பெனிக் கடுதாசியெல்லாம் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்குங்க. உங்க ஆளுங்க எரிச்சாங்களா, எலிக்குப் போட்டாங்களா?” என்பார். அளவுக்கு அறுத்து அனுப்பும் யோசனையே அலாதினைத் தொடங்கிய சாவரின் சகோதரர்களுடையது, 1906லேயே ஆரம்பித்துவிட்டார்கள், பிரித்து அனுப்புகிற படகைப் பார்த்து வந்த யோசனை, சியர்ஸ் விழித்துக்கொண்டது பத்து வருஷம் கழித்து என்றும் சேர்த்துக்கொள்வார். மறுக்க முடியாது, அத்தனையும் உண்மை. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: “உங்க படிமூலையில கட்டை உண்டாண்ணே?” அவர் வீட்டில் அந்த மூலை கையால் செதுக்கிச் சேர்த்தது. யார் செய்தார்களோ, பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைச் செய்தவர் தச்சர், சந்தேகமில்லை. வீட்டுக்காரர் தன் கையால் செய்ததில்லை.

அதற்கு அவரிடம் வேறு சீட்டு இருக்கிறது. அலாதின் பட்டியலில் ஒரு சவால் உண்டே, வெளிச்சுவர்ப் பலகையில் கணு ஒன்று காட்டினால் ஒரு டாலர் என்று. போன தடவை போயிருந்தபோது கையில் டார்ச்சைக் கொடுத்து, “தேடுங்க, கம்பெனி இல்லாட்டி என்ன, நான் தர்றேன்” என்றார். மூன்று பக்கம் பார்த்துவிட்டேன். ஒரு கணு இல்லை. வடக்குப் பக்கம் முழுக்கக் கொடி ரோஜா ஏறிக் கிடக்கிறது. வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் வெட்டவில்லை.