28 அங்குலச் சைக்கிளும் ஒரு துண்டு வால் டியூபும்

வேளச்சேரியிலிருந்து சைதாப்பேட்டைக்கு மாநகரப் பேருந்தில் காரியாலயம் போய்வந்துகொண்டிருந்த நான், கறுப்பு வர்ணமும் கம்பி பிரேக்கும் அகன்ற கேரியரும் கொண்ட பழைய மாதிரிச் சைக்கிள் ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கி, சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் விடாமல் ஓட்டிப் பார்த்த பிறகே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முற்படுகிறேன். அதன் எடை, உயரம், பிரேக் பிடிக்கும் விதம் ஆகியவை நம் தகப்பனார் காலத்திலிருந்து எல்லோரும் அறிந்தவை. அவற்றை விஸ்தரிப்பது அனாவசியம்.

பணக்கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். சாதாரணப் பேருந்தில் ஆரம்பக் கட்டணம் 5 ரூபாய். போவதற்குப் பத்தும் வருவதற்குப் பத்துமாகக் கொடுப்பவருக்கு இருபத்தைந்து வேலை நாட்களில் 500 ரூபாய் ஆகிறது. ஊர் முழுதும் சுற்றுபவர் 1,000 ரூபாய்க்கு மாதப் பாஸ் எடுக்கிறார். சைக்கிளுக்கு நான் கொடுத்தது ஏறத்தாழ 7,000 ரூபாய். ஆகவே பாஸ்காரருக்கு ஏழு மாதத்திலும் மற்றவருக்குப் பதினான்கு மாதத்திலும் முதல் திரும்பிவிடும். ஆனால் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் எத்தனையோ ஸ்திரீகளின் கையில் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை மிச்சம் வைத்த அந்த மகத்தான காரியத்தை மறந்துவிட்டு, சிக்கனத்தைக் காட்டி அவர்களிடம் சைக்கிளைச் சிபாரிசு செய்வது நியாயமாகாது.

இந்தக் கணக்கையெல்லாம் தலைகீழாக்கக்கூடிய வஸ்து ஒன்று சைக்கிளிலேயே இருக்கிறது. இரவு கல்லைப்போல் இறுகியிருந்த பின்சக்கரம், முள்ளும் குத்தாமல் ஆணியும் ஏறாமல், காலையில் ரிம் தரையைத் தொடும்படி தளர்ந்து கிடக்கும். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பஞ்சர் இல்லை சார், வால் டியூப் போயிடுச்சு" என்பார். வால்வுக்குள் இருக்கும் உலோகக் குச்சியின் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதை மூடியபடி வால் டியூப் என்னும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று போர்த்தியிருக்கிறது. பம்பு அடிக்கும்போது காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. அடிப்பது நின்றதும் உள்ளிருக்கும் காற்றே ரப்பரை அழுத்தித் துவாரத்தை அடைத்துவிடுகிறது. யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் சென்னை வெயிலில் அந்த ரப்பர் பிசுபிசுத்துப் போய்க் குச்சியோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது துவாரத்தின் மேலேயே கீறி விடுகிறது. பிறகு காற்று நிற்பதில்லை.

சில்லறைக் காசு பெறாத இந்தத் துண்டினால் விளையும் நஷ்டம் சில்லறையன்று. காற்றுக் குறைந்த சக்கரத்தை மிதிப்பதில் முழங்கால் நோவது ஒருபுறமிருக்க, டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெடிக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் ரிம்மிற்கும் கல்லிற்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழிகிறது. ரிம் கோணினால் கோட்டம் எடுக்கக் கடைக்குப் போக வேண்டும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்திராது. அன்று பேருந்துக்கும் காசு கொடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் தெருவுக்கொரு வாடகை சைக்கிள் நிலையம் இருந்தது, அங்கே பம்பும் வால் டியூபும் எந்நேரமும் கிடைக்கும். இன்றைய பஞ்சர் கடைகள் மோட்டார் வாகனங்களையே நம்பியிருக்கின்றன.

நான் இப்போது ஸீட்டுக்கு அடியில் ஒரு சாண் வால் டியூபைச் சுருட்டி வைத்திருக்கிறேன். விரற்கடை அளவு கத்தரித்து, எச்சில் தொட்டுக் குச்சியில் மாட்டி, கைப்பம்பால் அடித்துக்கொண்டால் காரியம் முடிந்துவிடுகிறது. எனினும் மனம் ஆறவில்லை. ஸ்கூட்டரில் இருப்பது போன்ற வில் வைத்த வால்வு அதே ரிம் துவாரத்தில் அமையக்கூடியதாயிருந்தும், உற்பத்தியாளர்கள் இந்த வகைச் சைக்கிளுக்கு இன்னும் பழைய ரப்பரையே வைத்து அனுப்புவது, அதை நம்பிப் பிழைக்கும் பால்காரருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மற்றபடி இது உழைக்கும் வண்டி. அரிசி மூட்டையைக் கேரியரில் வைத்தாலும் ஆட்டம் காட்டாது. வாங்குகிறவர்கள் கடையிலேயே வில் வால்வு டியூபை மாற்றித் தரும்படி வற்புறுத்த வேண்டும். தினமும் மேம்பாலம் ஏறி இறங்கி நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மாதப் பாஸே உசிதம்.