கட்டைவிரல் வித்தை

உயிரித்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்பவரின் கை முதலில் பழக வேண்டிய கருவி மைக்ரோபிப்பெட். திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி அளந்த காலத்தில், 1957-இல், ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வைத்து இதைச் செய்தார். எவ்வளவு அருமையான யோசனை!

கட்டைவிரலுக்கு இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம்வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் லேசாகத் தோய்த்து, விரலை மெல்ல விட்டால் சரியான அளவு ஏறும். வெளியேற்றும்போது இரண்டாவது நிறுத்தம்வரை அழுத்தினால் ஒட்டியிருக்கும் மிச்சமும் இறங்கிவிடும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி புகுந்துவிடும். கிளிசரால் கலந்த நொதிகள் பிசுபிசுப்பானவை. அவற்றுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

ஒரு மைக்ரோலிட்டர், லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பிசகாமல் எடுக்கும் கையை, பட்டங்களுக்கு மேலாகவே மதிக்கிறேன். அப்படிப்பட்டவர் நிரப்பிய 96 குழித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எல்லாக் குழியிலும் ஒரே மட்டம்.