புதையல் என்றொரு வாசிப்பு

எடத்தனூர் நடுகல்லில் ஒரு நாய் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், எருமைகளின் பொருட்டு மாண்டுபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். அரசனுக்கு ஆட்சியாண்டு மட்டும்; நாய்க்கோ பெயர், செயல், உருவம் மூன்றும். தமிழர் வரலாறு என்ற பெருங்கதையாடலில் இப்படி ஒரு நாய் நுழைந்துவிட்ட இடம் எளிதில் அகப்படாது.

கள்ளரைக் கடித்த நாய்க்குக் கல் எடுத்த இந்த வட்டாரத்தில் இன்று கல்லுக்கே கள்ளர்கள். கல்லைத் தூக்கிப்போய் விற்கிறவர்களைவிடக் கல்லின் அடியில் தோண்டுகிறவர்கள்தான் அதிகம். ஏன் தோண்டுகிறார்கள்? பேராசை, அறியாமை என்று இரண்டு தயார் பதில்கள் நம்மிடம் உண்டு. இரண்டுமே எனக்குச் சந்தேகத்துக்குரியவை. காரணத்தைச் சொல்ல என் கையில் இருக்கும் அழுக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நடுகல் என்பது எங்களுக்குப் பதினைந்து மதிப்பெண் வினா. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியத்தின் ஆறு துறைகளை ஒப்பித்தால் பன்னிரண்டு கிடைக்கும். நன்னனின் செங்கண்மாவுக்குப் போகும் கூத்தர்க்கு வழிநெடுக நடுகற்கள் எதிர்ப்படும் என்கிற மலைபடுகடாம் செய்தியைச் சேர்த்தால் இன்னும் ஒன்று. அந்தச் செங்கண்மா, திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுகிற செங்கம்தான் என்று வகுப்பில் யாரும் வாய்திறக்கவில்லை. இரா. நாகசாமி காலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலை நான் பார்த்தது பட்டம் வாங்கிப் பல வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில்.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். தண்டராம்பட்டுப் பக்கம் ஓர் ஊர், பெயர் வேண்டாம். கொல்லையில் சாய்ந்து கிடந்த கல்லொன்றில் மாவு தடவி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "இன்னா சார் எழுதிக்கீது அதுல?"

மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டைபோட்டு ஒருத்தன் செத்தான், அவனுக்கு வைத்த கல் என்றேன்.

"அது சரி. எவ்ளோன்னு போட்டிருக்கா?"

எனக்குப் புரியவில்லை. "எவ்ளோ ஆழம்னு கேக்கறாரு சார்" என்று ஒரு பையன் விளக்கினான். அப்படி எதுவும் இல்லை, செத்தவன் பேர்தான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மறுக்காமல் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பை இன்றைக்கு வரை என்னால் மறக்கமுடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது கல் குப்புறக் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஆள் உயரக் குழி. ஓரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரக் கரி.

பட்டணத்திலிருந்து ஒருத்தன் பையோடு வருகிறான், மண்டிபோட்டுக் கல்லைத் துடைக்கிறான், தாளில் எழுதிக்கொள்கிறான், படம் பிடிக்கிறான். செத்தவன் பேரைத் தெரிந்துகொள்ளவா இவ்வளவு மெனக்கெடுவான்? அவர்கள் கல்லை வாசிக்கவில்லை, என்னை வாசித்தார்கள். அந்த வாசிப்பில் அறியாமை ஒன்றும் இல்லை. பத்திரம், பட்டா, கடன் சீட்டு என்று எழுத்து அவர்கள் வாழ்க்கையில் நுழைந்தபோதெல்லாம் அதில் சொத்து யாருக்கோ கைமாறியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவன் வாசித்ததை முழுக்கச் சொல்லமாட்டான் என்பது அனுபவம் கற்றுக்கொடுத்த வாசிப்புக் கோட்பாடு. அதை எந்தப் பிரெஞ்சுக்காரனும் வந்து சொல்லித்தரவேண்டியதில்லை.

அந்தக் கோட்பாட்டின் மேல்தான் புதையல் தொழில் நடக்கிறது. மை போட்டுப் பார்க்கிறவன் முன்பணம் வாங்குகிறான். நாள் குறிப்பவன், பூசை சாமான் வாங்கித் தருபவன், ஜீப் வைத்திருப்பவன், தோண்டுபவன் என்று நீளும் சங்கிலியில் நிச்சயமாகச் சம்பாதிப்பவன் முதலாமவன் ஒருவனே. கல்வட்டத்தின் அடியில் இருப்பது கறுப்பு சிவப்புப் பானை, துருப்பிடித்த இரும்பு, எலும்பு, அதிர்ஷ்டமிருந்தால் சில மணிகள். தங்கம் எதிர்பார்த்தவன் பானையைக் கோபத்தில் உடைக்கிறான். பலகைக் கற்களைப் புரட்டிவிட்டுப் போகிறான். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று பாட்டி சொன்ன கதைக்காகவாவது தொடாமல் விட்ட இடங்களை இந்தத் தொழில் திறந்துவிட்டது. மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மனித உருவம்போல வெட்டி நிறுத்திய பெருங்கல் தப்பி நிற்பது, தூக்கிப்போக முடியாத அதன் கனத்தாலும் இருக்கலாம். இப்போது கோபுரக் கலசத்தில் இரிடியம், அது அரிசியை இழுக்கும் என்று புதிதாக ஒன்று. மந்திரம் போய் வேதியியல் வந்திருக்கிறது. மோசடியின் வடிவம் அதேதான்.

இதைக் கிராமத்து மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தைக் கொஞ்சம் படிக்கட்டும். மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளும் புதையல் என்கிறது அது. பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டரிடம் தெரிவிக்கவேண்டும். சொந்தக்காரர் இல்லாவிட்டால், வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. சர்க்கார் எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பானை ஓட்டுக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? சுழியம். புதைகுழியைப் புதையலாகப் பார்க்கும் பார்வையைக் காலனிய அரசு சட்டமாகவே எழுதிவைத்தது. ஆதிச்சநல்லூரில் யாகோர் 1876இல் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதைக் கொள்ளை என்று நம் பாடநூல் எழுதாது; ஆய்வு என்று எழுதும்.

இனி மேல்தளத்துக்குப் போவோம். அங்கே பேராசைக்கு ரசனை என்று பெயர். சிவபுரம் நடராசர் 1951இல் மண்ணிலிருந்து வெளிவந்தார். பழுதுபார்க்கக் கும்பகோணத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். கோயிலில் இருப்பது புதிய வார்ப்பு என்று டக்ளஸ் பாரெட் 1965இல் எழுதினார். அசல் 1973இல் 9 லட்சம் டாலருக்கு நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, 1986இல்தான் திரும்பியது. பிரதியெடுக்கும் யுகத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கும் என்றார் வால்டர் பெஞ்சமின். சிவபுரத்தில் நகலுக்குத்தான் அபிஷேகம் நடந்தது. அசலுக்கு விலைச்சீட்டு தொங்கியது. ஒளிவட்டம் எதைச் சுற்றி இருந்தது என்பதைப் பெஞ்சமினியர்கள்தான் தீர்க்கவேண்டும்.

ஸ்ரீபுரந்தான் கதை இன்னும் மோசம். 2006இல் சிலைகள் போயின. 2008 வரை வெளியே தெரியவில்லை. நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2014இல் திருப்பித் தந்தது. விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் பிராங்பர்ட்டில் பிடிபட்டு, உடையார்பாளையம் வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். 'நம் சாமியைத் திருடிவிட்டார்கள்' என்று கொதித்தோம். சரிதான். ஆனால் பூட்டிக் கிடந்த கோயிலில் பூசையில்லாமல் இருந்த சாமி, காணாமல்போன பிறகுதான் நம் சாமி ஆனார் என்பதையும் கவனியுங்கள். விலை தெரிந்த பிறகு வந்த பக்தி இது.

பத்தூர் வழக்கு எல்லோரும் அறிந்தது. 1976இல் ஒரு கூலித்தொழிலாளி தோண்டும்போது நடராசர் கிடைத்தார். சொற்ப விலைக்குக் கைமாறி, 1982இல் ஒரு கனடா நிறுவனத்திடம் இரண்டரை லட்சம் பவுண்டுக்குப் போனார். கோயிலும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக நின்று வழக்காடலாம் என்று 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கோயில் ஆளானது. மண்வெட்டி பிடித்தவனோ கதையின் முதல் வரியோடு நின்றுவிட்டான். சொற்ப விலைக்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவில் இருப்பதைத்தான் சுரண்டல் என்கிறோம். அதைப்பற்றி எந்தக் கோர்ட்டிலும் கேள்வி எழவில்லை.

செப்புத்திருமேனிக்குக் கோயில் உண்டு, கட்சி உண்டு, 1983 முதல் தனிப் போலீஸ் பிரிவும் உண்டு. 2002இல் அருணாசலேசுவரர் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள முனைந்தபோது திருவண்ணாமலையே எழுந்து எதிர்த்தது. மாடு மேய்த்துச் செத்தவனின் கல்லுக்கு அப்படி எழ யார் இருக்கிறார்கள்? அதற்குச் சந்தையிலும் விலையில்லை, சாதிச் சங்கம் ஏதாவது வந்து 'எங்க பாட்டன்' என்று பெயிண்ட் அடிக்கிற வரைக்கும். அப்புறம் அது வேறு வகைக் கொள்ளை.

அந்தக் குழியைப் பார்த்த அன்று, வாரிப்போட்ட மண்ணில் கறுப்பு சிவப்பு ஓடு ஒன்று கிடந்தது. உள்ளங்கை அகலம், விளிம்போடு. மழை வந்தால் போய்விடும், யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையில் போட்டேன். லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகக்காரர்கள் சொல்லும் அதே வாதம் என்பது வீட்டுக்கு வந்து ஓட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. கழுவினதும் தப்பு. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தியைத் தோண்டியவர்கள் பாதி அழித்தார்கள். ஒட்டியிருந்த மண்ணோடு மீதியை நான் அழித்தேன்.

அடுத்த முறை போனபோது பெரியவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி குனிஞ்சி இன்னாத்தையோ எடுத்துப் பையில போட்டுக்கினு போனியே சார், இன்னா அது?"

"ஓடு. பானை ஓடு."

"எங்களுக்கும் அதான் கெடச்சிது" என்றார். "நாங்க தூக்கிப் போட்டுட்டோம். நீ எதுக்கு எடுத்துக்கினு போன?"

ஆயிரமாண்டுக்கு மேல் பழையது, வரலாறு என்று தொடங்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.