இறைவனை விளித்தலும் விளம்பலும்

இறைவன் உளன் என நிறுவ முயலுந்தோறும் அவனையும் உள்பொருள்களுள் ஒன்றாக்கி விடுகிறோமோ? இவ்வினா ஐரோப்பிய மெய்யியலாரை நெடிது உறுத்தி வந்துள்ளது. மெய்யியல் வகுத்த முதற்காரணம் வழிபாட்டுக்குரிய தெய்வமாகாது என 1957இல் செர்மானிய அறிஞர் ஹைடெகர் இடித்துரைத்தார். பிரெஞ்சு அறிஞர் மரியோன் 1982இல் வெளியிட்ட நூலில், 'இருப்பு' என்னும் சொல்லினின்றும் இறைவனை விடுவித்து, அன்பாகவும் கொடையாகவும் எண்ணினார். இறைவனைப் பற்றிக் கூறுதல் வேறு, அவனைப் போற்றுதல் வேறு. போற்றுதல் அவனை வரையறுக்காது என்பது அவர் துணிபு.

1986இல் எருசலேமில் ஆற்றிய உரையில் தெரிதா இதனை மறுத்தார். வேண்டுதல் வெறும் அழைப்பு; போற்றுதலோ அழைக்கப்படுவோன் இன்னான் என்றும் கூறிவிடுகிறது என்பது அவர் வாதம்.

இலக்கணம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். வேண்டுதல் "கேளாய்!" என்பதோடு அமையும். "அருளாளனே!" என்னும் விளியிலோ, "நீ அருளாளன்" என்னும் பயனிலை மறைந்து நிற்கிறது. ஆகவே தெரிதாவின் மறுப்பு வலிதே. ஆயினும், கூற்றை மெய், பொய் என ஆராயலாம். விளி வேண்டுவதோ மறுமொழி. 1997இல் அமெரிக்காவின் விலனோவா பல்கலைக்கழகத்தில் இருவரும் எதிர்ப்பட்டபோது மரியோன் தந்த விடையும் இதனை ஒட்டியதே: பெயர் இறைவனை வரையறுப்பதன்று, அழைப்போனை அவன்முன் நிறுத்துவது.

இவ்விடை வழிபடுவோனுக்குப் பொருந்தும். நூலாசிரியருக்குப் பொருந்துமா? மரியோன் எழுத்தில் அன்பு, கொடை என்பன வாதத்தின் அடிப்படைகளாகவும் வருகின்றன. அங்கே அவை விளியாக நில்லாது பயனிலையாகவே தொழில் புரிகின்றன. அவ்விடங்களில் தெரிதாவின் மறுப்பு இன்னும் விடையின்றியே நிற்கிறது.